டவரின் படிகள்: அன்றும் இன்றும்

உளுந்தூர்பேட்டைக்கு அருகே ஒரு விமான ஓடுதளம் கிடக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சட்டென்று நம்புவதில்லை. களமருதூர், திருநாவலூர், சேந்தமங்கலம் பக்கத்து மக்களுக்கு அது புதிய செய்தியல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்துத் தளம் அது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரல் 5-இல் கொழும்பு, 6-இல் விசாகப்பட்டினம், 9-இல் திருகோணமலை என்று குண்டுகள் விழவும், சென்னை நகரத்து மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் புறப்பட்டார்கள். சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை என்று தமிழ்நாட்டில் சிதறிக் கிடக்கும் ஓடுதளங்கள் அந்தப் போரின் மிச்சம். உளுந்தூர்பேட்டைத் தளத்தை மீட்டெடுத்து விமான நிலையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை இந்த வட்டாரத்தில் அவ்வப்போது எழுவதுண்டு.

இன்று களமருதூர் வயல்வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தால், உயரத்தில் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு ஜெட் விமானம் போகும். அதை ஓட்டும் விமானி அந்த நிமிடத்தில் பேசிக்கொண்டிருப்பது சென்னையில் இருக்கும் ஒரு விமானப் போக்குவரத்துக் கண்ட்ரோலரோடு. மேற்கே கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், சேலம் விமான நிலையத்தில், விமானம் ஓட்டக் கற்கும் பிள்ளைகளும் ஒரு குரலோடுதான் பேசுகிறார்கள். அந்தக் குரலுக்கு உரியவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், அவர் கண்ணில் என்ன படுகிறது, அவருக்கு எது தெரியாது என்பதைச் சிறு விமானம் ஓட்டுபவர்கள் கூட்டமாகப் போய் நேரில் பார்த்து வருவது பல நாடுகளில் பழக்கம். நம் ஊரில் அந்தச் சந்திப்பு அன்று எப்படி நடந்தது, இன்று ஏன் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதாகிவிட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

தொடக்கத்தில் குரலே இல்லை. 1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்து வந்தார். அங்கிருந்து விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அவர்கள் ஓட்டிய புஸ் மாத் விமானத்தில் ரேடியோ கிடையாது. ஆறு, ரயில் பாதை, குன்று இவற்றைப் பார்த்துத்தான் வழி. இறங்கும் இடத்தில் காற்றுப்பை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1929 வாக்கில் செயின்ட் லூயிஸ் நகரத்து விமானத் தளத்தில் ஆர்ச்சி லீக் என்பவர் ஒரு தள்ளுவண்டியில் நாற்காலி, குடை, சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஓடுதளத்தின் ஓரத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். கட்டம் போட்ட கொடியைக் காட்டினால் போகலாம், சிவப்புக் கொடியைக் காட்டினால் நிற்க வேண்டும். இன்றைய கண்ட்ரோலர் பரம்பரைக்கு அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள். விமானிக்கும் அவருக்கும் நடுவே சுவரும் இல்லை, கண்ணாடியும் இல்லை. பார்த்த முகம்தான் வழி சொன்னது.

சென்னையில் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் 1930 வாக்கில் தொடங்கியது. பின்னாளில் மீனம்பாக்கத்தில் பெரிய விமானங்கள் இறங்கிய அதே மண்ணில்தான் கிளப்பின் சிறு விமானங்களும் ஏறி இறங்கின. விமானி உஷா சுந்தரம் காலத்தை நினைத்துப் பாருங்கள். அவரும் அவருடைய கணவர் வி. சுந்தரமும் சென்னை அரசு வாங்கிய டவ் ரக விமானத்தை 1951-இல் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிக் கொண்டுவந்தார்கள். அத்தனை நாடுகளின் வானத்தைக் கடந்து வந்தவர்களுக்கு ஒவ்வொரு தளத்திலும் இறங்கி, எண்ணெய் நிரப்பி, வானிலை கேட்டு, அடுத்த கட்டப் பயணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் வேலை. இந்த எழுதிக் கொடுக்கும் வேலையில்தான் என் விஷயமே இருக்கிறது.

ஃப்ளைட் பிளான் என்று ஒரு தாள். எந்த விமானம், எத்தனை மணிக்கு, எந்த வழி, எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரத்துக்கு எரிபொருள், எத்தனை பேர் என்று எல்லாம் அதில் எழுத வேண்டும். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு விமானியே ஏடிசி என்ற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் பிரீஃபிங் அறைக்கு நடந்து போக வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. வானிலைக்காரரிடம் போய் மேகம் எங்கே, காற்று எப்படி என்று கேட்டு வர வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரி தாளை வாங்கிப் பார்த்து, இந்த வழியில் இப்போது அனுமதி கிடைக்காது தம்பி, இப்படிச் சுற்றிப் போ என்பார். அரை மணி நேரம் கழித்து அதே விமானி வானத்திலிருந்து கூப்பிடும்போது, பதில் சொல்பவர் அவர் பார்த்த மனிதராகவோ அவருடைய பக்கத்து நாற்காலிக்காரராகவோ இருப்பார். அன்று யாரும் குழுவாகப் போய்க் கட்டுப்பாட்டு டவரைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்யத் தேவையிருக்கவில்லை. வேலையே அவர்களைப் படியேற்றியது.

அந்தக் கட்டடத்துக்குள் நடந்த வேலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் மாற்றம் பெரிது. ரேடார் இல்லாத வானத்தில் கண்ட்ரோலரின் கையில் இருந்தவை கடிகாரமும் காகிதக் கீற்றுகளும்தான். ஒரு விமானத்துக்கு ஒரு ஸ்ட்ரிப். அதைச் சட்டத்தில் செருகிப் பலகையில் அடுக்கி வைப்பார்கள். விமானி இந்த இடத்தை இத்தனை மணிக்குத் தாண்டினேன், இத்தனை அடியில் இருக்கிறேன், அடுத்த இடத்துக்கு இத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லச் சொல்ல, கண்ட்ரோலர் அதைக் கீற்றில் எழுதுவார். ஒரே உயரத்தில், ஒரே வழியில், ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் இரண்டு விமானங்களுக்கு நடுவே பத்து நிமிட இடைவெளி. ஜெட் விமானத்தின் வேகத்தில் பத்து நிமிடம் என்றால் ஏறக்குறைய 150 கிலோமீட்டர், சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே உள்ள தூரம். அவ்வளவு வானத்தை வெற்றிடமாக வைத்திருந்தார்கள். விமானி சொல்வதைத் தவிர வேறு சாட்சி இல்லாததால் அந்த வெற்றிடம் தேவைப்பட்டது. விமானியின் வார்த்தையை நம்புவதுதான் அந்தத் தொழிலின் அஸ்திவாரம்.

அந்த நம்பிக்கைக்கு நாம் கொடுத்த விலையும் உண்டு. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லிக்கு மேற்கே சர்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே, சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதிக்கொண்டன. 349 பேர் இறந்தார்கள், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இறங்கி வந்த கஜக் விமானத்துக்கு 15,000 அடிக்குக் கீழே இறங்க அனுமதி இல்லை. எதிரே ஏறி வந்த சவுதி விமானம் 14,000 அடியில் இருந்தது. கஜக் விமானம் தனக்கு ஒதுக்கிய உயரத்தையும் தாண்டி இறங்கியது. அன்று டெல்லியில் இருந்த ரேடார் விமானம் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டியது, எவ்வளவு உயரத்தில் என்று காட்டவில்லை. உயரத்துக்கு விமானத்திலிருந்து வரும் குரல்தான் ஆதாரம். அந்த விபத்துக்குப் பிறகுதான் உயரத்தையும் காட்டும் ரேடாரும், வரும் போகும் விமானங்களுக்குத் தனித்தனி வழிகளும், மோதலைத் தடுக்க விமானத்துக்குள்ளேயே எச்சரிக்கும் கருவி வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே வந்தன.

இன்றைய சென்னை வேறு உலகம். இந்திய வானத்தை டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரும் தகவல் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தென்னிந்தியாவின் மேல்வானத்தோடு வங்கக் கடலின் பெரும்பகுதியும் சென்னை மண்டலத்தில் சேரும். கல்வராயன் மலைக்கு மேலே போகும் விமானம் திரையில் ஒரு சிறு குறியாக, பெயரோடும் உயரத்தோடும் வேகத்தோடும் நகர்கிறது. ரேடார் தெளிவாகப் பார்க்கும் இடங்களில் இரண்டு விமானங்களுக்கு நடுவே 5 கடல் மைல், ஏறக்குறைய 9 கிலோமீட்டர் வரை இடைவெளியைக் குறைக்க முடிகிறது. 29,000 அடிக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக 2,000 அடி விட்டிருந்ததை 2003 நவம்பரில் 1,000 அடியாக்கினார்கள். கடலுக்கு நடுவே, இரைச்சலுக்கு ஊடே எச்.எஃப். ரேடியோவில் கத்திக் கத்திச் சொன்ன செய்திகள் இன்று செயற்கைக்கோள் வழியாக எழுத்தாகவே வந்து திரையில் விழுகின்றன. விமானம் தானே தன் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. யாரும் கேட்க வேண்டியதில்லை.

இவ்வளவும் நல்லதுதான். உயிர்களைக் காக்கும் மாற்றம் எதற்கும் நான் எதிரி இல்லை. ஆனால் இதே காலத்தில் வாசலும் மூடிக்கொண்டது. 1985-இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டுவெடிப்பில் கடலில் விழுந்தபின், 1987-இல் விமானப் பாதுகாப்புக்கென்றே பி.சி.ஏ.எஸ். தனித் துறையானது. 1999 டிசம்பரில் இந்திய விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, 2000-ஆம் ஆண்டு தொடங்கி சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் ஒவ்வொரு விமான நிலையமாகப் பொறுப்பேற்றார்கள். 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு உலகம் முழுக்க விமானியின் அறைக் கதவும் பூட்டிக்கொண்டது. உரிய அனுமதி அட்டை இல்லாமல் டவர் பக்கம் காலடி வைக்க முடியாது. அதற்கும் மேலே, ஃப்ளைட் பிளான் இணையத்துக்குப் போய்விட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து அனுப்பிவிடலாம். விமானியைப் படியேற்றிக்கொண்டிருந்த கடைசிக் காரணமும் அதோடு போனது. பூட்டை எல்லாரும் பார்த்தார்கள். அந்தத் தாள் மறைந்ததை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. என்னைக் கேட்டால், பூட்டைவிட அந்தத் தாளின் மறைவுதான் பெரிய இழப்பு.

விளைவை விமானப் பயிற்சி மாணவர்களிடம் பார்க்கலாம். பதினாறு வயதில் மாணவ விமானி உரிமத்தோடு தொடங்கி, 200 மணி நேரம் பறந்து, வணிக விமானி உரிமம் வாங்குகிறார்கள். ரேடியோவில் பேசுவதற்குத் தனிச் சான்று வேண்டும். அதற்கான ஆர்.டி.ஆர். தேர்வை நெடுங்காலம் தொலைத்தொடர்புத் துறை நடத்தியது. 2024-இன் பாரதீய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பொறுப்பு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. கைக்கு மாறியது. நல்ல மாற்றம். ஆனால் அந்தத் தேர்வுக்கென்றே பயிற்சி மையங்கள் இருக்கின்றன. கேள்வி பதிலை நாடக வசனம்போல மனப்பாடம் செய்து ஒப்பித்துத் தேர்ச்சி பெறலாம். டவரைக் கண்ணால் பார்க்காமலே டவரோடு பேசும் சான்று கையில் வந்துவிடும். பேசும் குரலுக்கு முகம் இல்லாதபோது, பிள்ளைகளுக்கு அதன் மேல் ஒரு பயம் வருகிறது. புரியாததைத் திரும்பக் கேட்கத் தயங்குகிறார்கள். 'சே அகெய்ன்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'ராஜர்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

ராஜர் என்றால் கேட்டுவிட்டேன் என்று மட்டும்தான் பொருள். புரிந்துகொண்டேன், அப்படியே செய்வேன் என்று அது உறுதி தராது. அதனால்தான் ஓடுதளம், உயரம், திசை போன்றவற்றை முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற விதி. 1977 மார்ச் 27-இல் டெனரீஃபே தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்ததற்கு, ஒரு தரப்பு சொன்னதை மறுதரப்பு வேறாக எடுத்துக்கொண்டதும் ஒரு காரணம். 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர வேறு எப்போதும் உச்சரிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அந்த மரணங்களிலிருந்து வந்தது. இதைப் பாடப்புத்தகத்தில் படிப்பது ஒன்று. கண்ட்ரோலரின் பின்னால் நின்று, ஒரே நேரத்தில் அவர் காதில் இரண்டு பேர் பேசுவதையும், ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சை அடைப்பதையும், அவர் நெற்றி சுருங்குவதையும் பார்ப்பது வேறு.

சேலத்தை எடுத்துக்கொள்வோம். கல்வராயன் மலைக்கு அப்புறம் இருக்கும் அந்த நிலையம் 1993-இல் திறந்தது. பல ஆண்டுகள் பயணிகள் விமானம் இல்லாமல் கிடந்து, சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் 2018 மார்ச் 25-இல் மீண்டும் உயிர் பெற்றது. 2022-இல் இந்திய விமான நிலைய ஆணையம் விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒதுக்கிய நிலையங்களில் சேலமும் ஒன்று. அப்படிப்பட்ட ஓர் ஓடுதளத்தில் பயிற்சி மாணவி சர்க்யூட் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறி, திரும்பி, ஓடுதளத்துக்கு இணையாக டவுன்விண்டில் வருகிறாள். இப்போது ஓடுதளத்தை நோக்கிப் பேஸ் பக்கம் திரும்ப வேண்டும். டவரிலிருந்து 'எக்ஸ்டெண்ட் டவுன்விண்ட்' என்று வருகிறது. இன்னும் நேராகப் போ, நான் சொல்லும்போது திரும்பு என்று அர்த்தம். அவளுக்கு எரிச்சல். கணக்குப் போட்டு வைத்த உயரமும் திருப்பமும் கெட்டுப்போகின்றன, பறக்கும் நேரத்துக்குக் கட்டணமும் ஓடுகிறது. சிறிது நேரம் கழித்து 'ஆர்பிட்' என்கிறார்கள், வட்டமடி என்று. அவள் பொறுமை இழக்கிறாள்.

அதே மாணவி டவரில் ஏறி நின்று பார்க்கட்டும். கண்ணாடிக்கு அப்பால் அவளைப் போல இன்னொருவனின் செஸ்னா பயிற்சி விமானம் டவுன்விண்டில். அதன் இறங்கும் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் சுமார். தூரத்தில், இன்னும் கண்ணுக்கே படாத இடத்தில், பயணிகளோடு ஒரு ஏடிஆர் விமானம். அது 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் நேராக இறங்க வருகிறது. முன்னால் செஸ்னாவை விட்டால் பின்னால் வருவது அதை எட்டிப் பிடித்துவிடும். பின்னால் விட்டாலும் சும்மா இல்லை. பெரிய விமானத்தின் இறக்கைகள் விட்டுப்போகும் காற்றுச் சுழல் சிறு விமானத்தைப் புரட்டிவிடக்கூடும், அதற்கும் இடைவெளி வேண்டும். ஓடுதளத்தில் நாய் இல்லையா, பறவை இல்லையா, வண்டி வெளியேறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் தொலைபேசி மணி அடிக்கிறது, சென்னை அழைக்கிறது. இத்தனைக்கும் நடுவே கண்ட்ரோலர் 'எக்ஸ்டெண்ட் டவுன்விண்ட்' என்று இரண்டே சொல்லில் சொல்கிறார். மாணவியின் எரிச்சல் அந்த இடத்திலேயே கரைந்துவிடும். இதை எந்த வகுப்பறையாலும் கற்றுத்தர முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

டவரில் இன்னொன்றையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கூரையிலிருந்தோ ஓரத்திலோ தொங்கும் சிக்னல் விளக்கு. ரேடியோ கெட்டுப்போன விமானத்துக்கு இன்றும் அதுதான் மொழி. பறக்கும் விமானத்துக்கு நிலைத்த பச்சை காட்டினால் இறங்கலாம். நிலைத்த சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. விட்டு விட்டு எரியும் பச்சை என்றால் இறங்குவதற்குத் திரும்பி வா. விட்டு விட்டு எரியும் சிவப்பு என்றால் இங்கே இறங்காதே, தளம் பாதுகாப்பாக இல்லை. பகலில் இறக்கையை ஆட்டி விமானி பதில் சொல்கிறார். ரேடியோ பழுதானால், விமானத்தை ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7600 வைக்க வேண்டும் என்பதை மாணவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். ஆனால் அந்த விளக்கைக் குறிபார்த்துப் பிடித்து, வெயிலில் தூரத்து விமானத்துக்குத் தெரிய வைப்பது எவ்வளவு கடினம் என்பது அதைத் தூக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஆர்ச்சி லீக்கின் கொடி ரேடாரையும் செயற்கைக்கோளையும் தாண்டி இந்த விளக்காக உயிரோடு இருக்கிறது.

சென்னையில் பார்க்க வேண்டியது வேறு. அங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஓடுதளங்கள். டவரில் இருப்பவர் வெளியே கண்ணால் பார்த்து வேலை செய்கிறார். ஏரியா கண்ட்ரோலில் இருப்பவர் ஒரு விமானத்தையும் கண்ணால் பார்ப்பதில்லை, திரைதான் அவருக்கு வானம். இருவருமே 'கண்ட்ரோல்' என்று ஒரே பெயரில் நமக்குக் கேட்டாலும், இருவரின் உலகமும் வெவ்வேறு. தாழ்வாக, மெதுவாகப் பறக்கும் சிறு விமானம் கல்வராயன் போன்ற மலைக்குப் பின்னால் போனால் ரேடாருக்கு மறைந்துபோகலாம். மறைந்த பிறகு விமானி தானாகச் சொன்னால்தான் கீழே இருப்பவருக்குத் தெரியும். இதை நேரில் திரையில் பார்த்த விமானி அடுத்த முறை மலைப்பக்கம் போகும்போது வாய் திறந்து பேசுவார்.

வெளிநாடுகளில் இதைத் திட்டமாகவே செய்கிறார்கள். அமெரிக்காவில் ஆபரேஷன் ரெயின்செக் என்ற பெயரில் தனியார் விமானிகளைக் கூட்டமாக அழைத்துக் கட்டுப்பாட்டு மையங்களைக் காட்டுகிறார்கள். 2001-க்குப் பிறகு அந்த வாசலும் மூடியது, பின்பு பாதுகாப்பு விதிகளோடு திறந்தது. பிரிட்டனில், ஸ்வான்விக்கில் உள்ள அவசர உதவிப் பிரிவை 121.5 அலைவரிசையில் பயிற்சிக்காகவே 'பிராக்டிஸ் பான்' என்று கூப்பிட்டுப் பாருங்கள் என்று சிறு விமானக்காரர்களை ஊக்குவிக்கிறார்கள். உண்மையான ஆபத்து வரும்போது வாய் உலராமல் இருக்க அது உதவுகிறது. பாதுகாப்பையும் சந்திப்பையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இவை போதும்.

நமக்கும் முடியும். பயிற்சிப் பள்ளியும் டவரும் ஒரே வேலிக்குள் இருக்கும் சேலம் போன்ற இடங்களில் அது மிக எளிது. மாணவர்களுக்குத்தான் முறையான அனுமதி அட்டை ஏற்கெனவே இருக்கிறதே. தனியாகப் பறக்கும் சோலோவுக்கு முன்பு ஒரு தடவை, வெளியூர்ப் பயணம் தொடங்கும் முன்பு ஒரு தடவை டவரில் நின்று பார்த்தே ஆக வேண்டும் என்று பாடத்திட்டத்தில் எழுதிவிட்டால் போதும். ஒரு நேரத்தில் நாலைந்து பேருக்கு மேல் வேண்டாம், பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, போக்குவரத்து கூடினால் கீழே இறங்கிவிட வேண்டும். முதல் அரை மணி நேரம் பார்க்க மட்டும். பிறகு டியூட்டி முடித்துக் கீழே வந்த கண்ட்ரோலரோடு உட்கார்ந்து, அன்று தாங்களே செய்த பிழைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இது ஒருவழிப் பாதையாக இருக்கவும் கூடாது. கண்ட்ரோலரை மாதம் ஒருமுறையாவது பயிற்றுநரோடு செஸ்னாவில் ஏற்றி நாலு சர்க்யூட் அழைத்துப் போக வேண்டும். பக்கவாட்டுக் காற்றில் விமானத்தின் மூக்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு கை திராட்டிலில், ஒரு கை கட்டுப்பாட்டில், கண் ஓடுதளத்தில் என்று இருக்கும்போது காதில் விழும் ஒரு கட்டளைக்குப் பதில் சொல்ல எத்தனை நொடி ஆகிறது என்று அவரும் அந்த இருக்கையில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கட்டும்.